கோதடியின் அடித்துணி

பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் உடைமை ஒரு படுக்கைச் சுருளாகவே இருந்தது. ஜமுக்காளம் ஒன்று, தலையணை ஒன்று, விரிப்புகள் இரண்டு, குளிருக்கு உதவும் என்று தாய் கொடுத்தனுப்பிய பழைய சேலை ஒன்று. இவ்வளவையும் சுருட்டிக் கயிற்றால் கட்டி, இரயில் இருக்கையின் அடியில் தள்ளிவிட்டு வந்தவர்கள், இன்று மும்பையிலும் புனேயிலும் பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கிறார்கள். சுருள் இருந்த இடத்தில் பீரோ வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பழைய சேலைகளும் விரிப்புகளும் பல வீடுகளில் இன்னும் மூட்டையாகப் பரண்மேல் கிடக்கின்றன. எறிய மனமில்லை; உடுத்தவும் வழியில்லை.

நாம் குடியேறிய இந்த மராட்டிய மண்ணில் அப்படிப்பட்ட துணிகளுக்கென்று ஒரு வழி நெடுங்காலமாய் இருந்து வருகிறது. அதற்குக் கோதடி என்று பெயர். கோலாப்பூர், சாத்தாரா பக்கங்களில் அதையே வாகள் என்பார்கள். பழைய பருத்தித் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாய் விரித்து, மேலிருந்து அடிவரைக்கும் ஊசி ஏறி இறங்கும்படி நெருக்கமாய்த் தைத்து உண்டாக்கும் போர்வை அது. விரித்தால் மெத்தையாகும், போர்த்தினால் கம்பளியாகும், மடித்துப் போட்டால் பச்சைக் குழந்தைக்குப் படுக்கையாகும். பஞ்சு திணித்த ரஜாய் வேறு, இது வேறு. கோதடிக்குள்ளே இருப்பதும் துணியே.

கோதடியைக் காண்கிறவர்கள் அதன் மேற்பக்கத்தையே பார்த்து வியக்கிறார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான சேலைத் துண்டுகள், கரைகள், ஒட்டுகள் ஆகிய இவைகளே கண்ணைக் கவருகின்றன. ஆனால் கோதடியைத் தைக்கிற பெண்கள் வேறுவிதமாய்ப் பார்க்கிறார்கள். ஒரு கோதடியைக் கையில் கொடுத்தால் அவர்கள் முதலாவது அதைப் புரட்டுவார்கள். அடித்துணி எது, அது எப்படிப்பட்ட நெசவு, எத்தனை முறை துவைத்தது என்று பார்த்த பின்பே மேற்பக்கத்தைப் பார்ப்பார்கள். இக்காலத்தில் அந்த அடித்துணி பெரும்பாலும் ஒரு படுக்கை விரிப்பு. அதைப்பற்றியே இக்கட்டுரை.

புனேயின் நடைபாதையில்

மும்பையிலிருந்து புனேக்கு இரயில் வழி 192 கிலோமீட்டர். கர்ஜத்தைத் தாண்டியதும் வண்டி போர் கணவாயில் ஏறத் தொடங்குகிறது. சுரங்கங்களைக் கடந்து, கண்டாலா, லோனாவாலா என்று மேட்டு நிலத்தை அடையும்போது காற்றே மாறிவிடுகிறது. மும்பையில் டிசம்பர் மாதத்திலும் மின்விசிறி சுழலுகிறது. புனேயிலோ டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் சில நாட்களில் அதற்குக் கீழும் இறங்கும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமுள்ள ஓரறை வீட்டில் அந்தக் குளிர் மேலிருந்தும் கீழிருந்தும் வரும்.

புனே நகரின் கட்கி என்னும் இராணுவக் குடியிருப்புப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழ்ந்து வருகின்றன. 1869-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும் படைப்பிரிவுகளும் பல ஊர்களிலிருந்து வேலையாட்களைச் சேர்த்தன. ஒரு டிசம்பர் மாதத்தில் அப்பகுதியிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தாரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சகோதரியின் தாயார் அவ்வாண்டில் ஊரிலே மரித்திருந்தார்கள். அடக்கத்துக்குச் சென்று திரும்பிய மகள், தாயின் நான்கு சுங்குடிச் சேலைகளைக் கொண்டுவந்திருந்தாள். மென்மையான பழைய பருத்தி. "எனக்கு நகை வேண்டாம் பாஸ்டர், இந்தச் சேலைகள் போதும். இதைக் கோதடியாகத் தைத்து என் பிள்ளைகள் போர்த்திக்கொள்ளட்டும்" என்றாள்.

புனே நகரத்தின் நடைபாதைகளில் கோதடி தைக்கும் பெண்களைக் காணலாம். மர நிழலில் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன்மேல் வாடிக்கையாளர் கொடுத்த துணிகளைப் பரப்பி, இரண்டுபேர் அல்லது மூன்றுபேர் எதிரெதிரே குந்தியிருந்து தைப்பார்கள். சிலர் தெருத்தெருவாய்க் கூவிக்கொண்டு வந்து, வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பதும் உண்டு. நாங்கள் சந்தித்த மூதாட்டி அறுபது வயதைக் கடந்தவர். மழை பொய்த்த ஊரிலிருந்து மருமகளோடு நகரத்துக்கு வந்தவர். நம் சகோதரி அவரை "மாவ்ஷி" என்று அழைத்தாள். மராத்தியில் சித்தி, பெரியம்மா முறையுள்ளவர்களை அழைக்கும் சொல் அது.

மாவ்ஷி சேலைகளை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பின்பு அடித்துணிக்கென்று அவ்வீட்டுக்காரர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்த புதிய பெட்ஷீட்டை எடுத்தார். கருஞ்சிவப்பு நிறம், கெட்டியான துணி, உறையும் பிரிக்கவில்லை. பிரித்து மூலையைக் கசக்கினார், மோந்து பார்த்தார், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அப்புறம் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது இன்னும் தண்ணீர் குடிக்காத துணி. இதை அடியில் வைத்தால் உன் அம்மாவின் சேலைகளை இது தின்றுவிடும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின ஆண்டில் வேறொரு வீட்டார் இதேவிதமாய்ப் புதிய விரிப்பைக் கொடுத்து, உடனே தைத்துத் தரும்படி அவசரப்படுத்தினார்களாம். அவரும் தைத்துக் கொடுத்தார். முதல் சலவையிலேயே விரிப்பு சுருங்கி, மேலேயிருந்த பழைய சேலைகள் புடைத்து, தையல் வரிகளின் ஓரமாகவே கிழிந்துபோயின. தையல் சரியில்லை என்று சொல்லி, அவ்வீட்டார் மீதிக் கூலியைக் கொடுக்கவில்லை. ஏழெட்டு நாள் இரண்டுபேர் குனிந்து தைத்த வேலை அது. துணி செய்த காரியத்துக்குக் கைகள் தண்டனை அடைந்தன.

கோடித்துணி செய்யும் காரியம்

வேதாகமத்தை வாசிக்கிற நமக்கு இது புதிய செய்தியல்ல. பழைய வஸ்திரத்தோடு கோடித்துண்டை இணைப்பதைக் குறித்து இயேசுகிறிஸ்து சொன்ன உவமையை மத்தேயு 9-ஆம் அதிகாரத்திலும், மாற்கு 2-ஆம் அதிகாரத்திலும் காண்கிறோம். கோடி என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இன்னும் உடுத்தாத புதுத்துணி என்று பொருள். அவ்விடத்திலுள்ள கிரேக்கச் சொல் இன்னும் நுட்பமானது. சலவைத் தொழிலாளியின் கைக்கு இன்னும் போகாத, நனைத்து மிதித்துப் பதப்படுத்தாத துணியை அது குறிக்கிறது. அந்த உவமையின் ஆவிக்குரிய பொருளை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் துணிப் பொருளைப் புனேயின் நடைபாதையில் எழுத்தறியாத ஒரு மூதாட்டி ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

ஏன் இப்படி நடக்கிறது? தறியில் நூல் இழுத்துப் பிடிக்கப்பட்டு நெய்யப்படுகிறது. பாவு நூல் அறாதிருக்கக் கஞ்சி ஏற்றப்படுகிறது. ஆகவே கடையிலுள்ள பருத்தித் துணி தன் இயல்பான அளவில் இருப்பதில்லை. இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. முதல் சலவையில் கஞ்சி கரைந்து, நூல் தன் இழுவையை விட்டு ஒடுங்குகிறது. சாதாரணப் பருத்தி விரிப்பு ஒன்று நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது வழக்கம். 100 அங்குல நீளமுள்ள விரிப்பில் அது 3 முதல் 5 அங்குலம். ஆனால் இருபது வருடம் துவைத்த சேலை இனிச் சுருங்காது. சுருங்குகிற துணியையும் சுருங்காத துணியையும் ஆயிரக்கணக்கான தையல்களால் பிணைத்துவிட்டால், பலவீனமானதே கிழியும். அந்தப் பலவீனமானது எப்பொழுதும் தாயின் சேலையாகவே இருக்கும்.

நிறமும் அப்படியே. கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு முதலிய அடர்ந்த சாயங்கள் முதல் சில சலவைகளில் வடியக்கூடும். தனியாய்த் துவைத்தால் அந்தச் சாயம் வாளியோடு போய்விடும். கோதடியின் அடியில் வைத்துத் துவைத்தாலோ, உள்ளே ஐந்து அடுக்குத் துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் காய ஒரு நாள் முழுவதும் ஆகும். அதுவரை சாயம் மேலேறிக்கொண்டே இருக்கும்.

அகலக் கணக்கு

அப்படியானால் விரிப்பே வேண்டாம், அடியிலும் பழைய சேலையையே வைக்கலாமே என்று கேட்கலாம். முற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மராட்டியப் பெண்கள் உடுத்திய ஒன்பது கஜம் பருத்திச் சேலையை லுகடே என்பார்கள். அது நீளம் தாராளமானது. பாடுபட்டுப் பழையதான பின்பு மிகவும் மெத்தென்று ஆகும். ஆனால் சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலமே. ஒருவர் போர்த்தும் கோதடிக்கு 60 அங்குல அகலமாவது வேண்டும். ஆகவே அடித்துணியில் ஓர் இணைப்புத் தையல் வந்தே தீரும். உள்ளடுக்குகளில் இணைப்பு இருந்தால் குற்றமில்லை, அது மறைந்திருக்கும். அடித்துணியிலோ அது தரையில் உராயும், படுக்கிறவரின் முதுகில் உறுத்தும், முதலாவது பிரியவும் செய்யும்.

இரட்டைக் கட்டிலுக்குரிய விரிப்பு 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் உள்ளது. இணைப்பே இல்லாத ஒரே துணி. அதுவே விரிப்பின் பெரிய நன்மை. ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. நெருக்கமாய்த் தைக்கும்போது ஒவ்வொரு தையலும் துணியைச் சற்றே உள்ளுக்கு இழுக்கிறது. ஆகவே அடித்துணி, முடிந்த கோதடியைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலமாவது பெரிதாயிருக்க வேண்டும். 60-க்கு 90 அங்குல ஒற்றை விரிப்பை அடியில் வைத்து, அதே அளவுக் கோதடியை எதிர்பார்த்தால் கால் வெளியே நீட்டும். போர்வையின் அகலம் போதாமல் போவதைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசியும் 28-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். அளவு குறைந்த போர்வையின் துன்பம் அவர் நாட்களிலேயே பழமொழிபோல் விளங்கியிருக்கிறது.

இரட்டை விரிப்பிலிருந்து ஒற்றைக் கோதடி தைத்தால் மிச்சம் வருமே என்றால், அந்த மிச்சத்தையும் மாவ்ஷி வீணாக்குவதில்லை. சுற்றிலும் 2 அங்குலம் விட்டு, அதை மேற்பக்கமாய் மடித்து ஓரமாகத் தைத்துவிடுகிறார். அடித்துணியே கரையாகவும் ஆகிவிடுகிறது. வெட்டி எடுத்த பட்டைகள் உள்ளடுக்கில் சேருகின்றன.

ஊசி அறியும் நெசவு

விரிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. இக்காலத்துக் கடைகளில் நெசவு நெருக்கத்தைப் பெருமையாகச் சொல்லி விற்கும் வழுவழுப்பான விரிப்புகள் உண்டு. படுப்பதற்கு அவை சுகமானவை. ஆனால் ஐந்தாறு அடுக்குகளைத் துளைத்துக் கீழே இறங்கும் கை ஊசிக்கு அந்த நெருக்கம் ஒரு சுவர். ஊசியை அழுத்தி அழுத்தி விரல் நுனி புண்ணாகும்; ஊசி உடைவதும் உண்டு. பல ஆண்டு துவைத்த, நடுத்தரமான பருத்தி விரிப்பில் இழைகள் சற்றே விலகி ஊசிக்கு வழிவிடுகின்றன. ஊசி போனபின் மறுபடியும் கூடிக்கொள்கின்றன.

செயற்கை இழை கலந்த விரிப்பை மாவ்ஷி தொட்டவுடனே அறிந்துகொள்கிறார். அது கசங்குவதில்லை, ஆகவே ஓரம் மடித்தால் மடிப்பு நிற்பதில்லை. தைக்கும்போது அடியில் வழுக்கி நகருகிறது. மேலே நேராய்ப் போன தையல், புரட்டினால் கோணலாய்க் கிடக்கிறது. வியர்வையை உறிஞ்சாது, நாளடைவில் உருண்டை உருண்டையாய்த் திரளும். அடுப்புப் பக்கத்தில் படுக்கும் சிறிய வீடுகளில் அது ஆபத்தும்கூட. பருத்தி கருகும், செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மிகப் பழையதும் கூடாது. விரிப்பு முதலாவது தேய்வது நடுவிலே. தினமும் உடல் கிடக்கும் இடம் அதுதான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், ஓரங்கள் கெட்டியாயும் நடுப்பகுதி சல்லடைபோலவும் தெரியும். அப்படிப்பட்ட விரிப்பு உள்ளடுக்குக்கு ஏற்றது, அடிக்கு ஏற்றதல்ல. ஏனெனில் கோதடியின் பாரத்தையெல்லாம் சுமப்பது அடித்துணி. தரையில் இழுபடுவது அது. ஈரச் சிமெண்டில் உராய்வது அது. துவைத்துத் தூக்கும்போது நீர் குடித்த சேலைகளின் எடையைத் தாங்குவதும் அதுவே. மராட்டியக் கிராமங்களில் நவராத்திரிக்கு முந்தின நாட்களில் வீட்டிலுள்ள கோதடிகளையெல்லாம் ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துவைப்பார்கள். ஈரக் கோதடி ஒன்றைப் பிழிய இரண்டுபேர் வேண்டும். அந்த முறுக்கலில் அடித்துணியின் தரம் வெளிப்பட்டுவிடும்.

நம் சகோதரி வீட்டுக்குத் திரும்பிப் பரணிலிருந்து மூட்டையை இறக்கினாள். ஊருக்குப் போனபோது வாங்கி வந்த சென்னிமலை விரிப்பு ஒன்று அதில் இருந்தது. ஆறு வருடம் புழங்கியது. நிறம் மங்கியிருந்தாலும் நடுப்பகுதி நல்ல உரத்தோடு இருந்தது. மாவ்ஷி அதைக் கையில் வாங்கியதும் வேறொன்றும் சொல்லாமல் தார்ப்பாயின்மேல் விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்தார்.

தைக்கும் விதம்

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவி இழுப்பது முதல் வேலை. இதற்கே அரை மணி நேரம் செல்லும். அதில் ஒரு மடிப்பு இருந்தால், மேலே எவ்வளவு அழகாய்த் தைத்தாலும் அடியில் அது நிரந்தரமாகிவிடும். அதன்மேல் சேலைகளை மடித்து அடுக்குகிறார்கள். ஆறு கஜச் சேலை ஒன்று, ஒற்றைக் கோதடிக்கு ஏறக்குறைய இரண்டு அடுக்காகும். எல்லாவற்றுக்கும் மேலே அழகான சேலையின் பகுதி வருகிறது. பின்பு நீளமான கச்சாத் தையலால் அடுக்குகளைப் பிடித்துவைத்து, ஓரத்திலிருந்து தொடங்கி விரல் அகல இடைவெளியில் வரிவரியாய் ஓட்டுத்தையல் போடுகிறார்கள். தையல் வரிகள் பெட்டிக்குள் பெட்டியாய் நடுவை நோக்கிச் செல்வதும் உண்டு. நெடுகிலும் நேர்கோடாய்ச் செல்வதும் உண்டு.

தைக்கும்போது மாவ்ஷியின் இடக்கை எப்பொழுதும் அடித்துணியின் கீழே இருந்தது. ஊசி முனை ஐந்து அடுக்குகளையும் கடந்து தன் விரலைத் தொட்டால்தான் அதை மேலே திருப்புகிறார். ஆகவே அந்தக் கையின் விரல் நுனிகள் முழுவதும் காய்த்துப்போயிருக்கின்றன. கண்கள் மேற்பக்கத்தைப் பார்க்கின்றன. கை அடித்துணியைப் பார்க்கிறது.

சேலை போய் விரிப்பு வந்த காலம்

அடியிலிருந்த லுகடே போய் விரிப்பு வந்ததற்குக் காரணம், பருத்திச் சேலையே குறைந்துபோனது. செயற்கை இழைச் சேலைகள் பரவிய பின்பு, தேய்ந்து மென்மையாகும் துணி வீடுகளில் அரிதாயிற்று. மறுபுறம் மும்பையின் பஞ்சாலைகள் 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பங்கேற்ற போராட்டம் அது. பிவண்டி, இச்சல்கரஞ்சி, மாலேகாவ் முதலிய ஊர்களின் விசைத்தறிகள் பெருகின. விசைத்தறி விரிப்புகள் மலிந்து எல்லார் வீட்டுக்கும் வந்தன. இன்று வீட்டில் பழையதாகும் துணிகளில் நல்ல பருத்தியாய் எஞ்சுவது பெரும்பாலும் படுக்கை விரிப்பே. ஆகவே கோதடி தைப்பவர்கள் அதை அடிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதே இருப்புப் பாதையில் தென்கிழக்கே சென்றால் சோலாப்பூர் வருகிறது. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே பயணம் செய்யும் நாம் அந்த ஊர்ப் பெயரைப் போர்வையின் பெயராகவே அறிந்திருக்கிறோம். ஜக்கார்ட் தறியில் இருபக்கமும் பூவேலை தெரியும்படி நெய்யும் சோலாப்பூர்ப் போர்வைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதை நெய்தவர்களும் நம்மைப்போல் குடியேறியவர்களே. தெலுங்கு நாட்டிலிருந்து வந்த பத்மசாலி நெசவாளர்கள். ஊரின் கிழக்குப் பகுதித் தெருக்களில் இன்றும் தெலுங்கு ஒலிக்கிறது. அவ்வளவு உறுதியான போர்வையைக் கோதடிக்கு அடித்துணியாக்கலாகாதா என்று கேட்டேன். கூடாது என்பதே விடை. அதன் நெசவு தடித்தது, ஊசி செல்லாது, நனைந்தால் அதன் எடையே மேலுள்ள சேலைகளை இழுத்துவிடும். உறுதியுள்ளதெல்லாம் அடித்தளத்துக்கு ஏற்றதாகிவிடாது. மேலுள்ளவைகளோடு ஒத்துப்போகும் உறுதியே வேண்டியது.

மற்ற ஊர்களில்

நம் வாசகர்கள் இந்தியாவின் பல பாகங்களிலும் இருக்கிறார்கள். நீங்கள் வாழும் ஊரிலும் இதற்கு ஒரு சகோதரத் தொழில் இருக்கக்கூடும். கொல்கத்தாவில் இருப்பவர்கள் காந்தாவை அறிவார்கள். நம்முடைய கந்தை என்னும் சொல்லும் அதுவும் உறவுள்ளவை. பழைய வேட்டிகளையும் சேலைகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதைத் தைத்தார்கள். பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் சுஜனி உண்டு; பிறந்த பிள்ளையைப் பழந்துணியின் மென்மையில் பொதியும் வழக்கத்தோடு சேர்ந்தது அது.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஹலியாள், யெல்லாபூர், முண்டகோடு வட்டாரங்களில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்களுக்குள் இந்துக்களும் இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் உண்டு. 2003-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வைக்கு அடியில் ஒரு முழுப் பருத்திச் சேலையை விரித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒட்டுத் துண்டுகளை வைத்துத் தைத்துச் செல்லுகிறார்கள். கிறிஸ்தவப் பெண்கள் அதில் சிலுவை வடிவங்களைச் சேர்க்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணிப் பூ இல்லாவிட்டால் போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் வழக்கு. மேலே எத்தனை துண்டுகளானாலும் அடியில் ஒரே துணி என்பது அங்கேயும் முறை.

கூலியும் போர்வையும்

ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்குமுன் அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்பது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தின் கட்டளை. அவன் இரவில் போர்த்துக்கொள்ள வேறொன்றும் இல்லையே என்ற இரக்கம் அதன் காரணம். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், கூலிக்காரனுடைய கூலியை அந்த நாளிலேயே கொடுக்கவேண்டும் என்ற கட்டளையும் அருகருகே வருகிறது. போர்வையும் கூலியும் இப்படி ஒரே அதிகாரத்தில் வருவதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். நடைபாதையில் இரண்டையும் ஒரே இடத்தில் கண்டேன். பிறருக்குப் போர்வை தைக்கிறவர்கள் தாங்கள் தைத்து முடித்த கோதடியின் கூலியைக் கொண்டே அன்றைய மாவை வாங்குகிறார்கள்.

இன்று சாலையோரங்களில் பளபளப்பான செயற்கைப் போர்வைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தையல் இயந்திரத்தில் ஓட்டிய கோதடிகளும் கடைகளில் உண்டு. கையால் தைப்பவர்களின் எண்ணிக்கை அருகி வருவது கண்கூடு. அவர்களிடம் வேலை கொடுக்கிறவர்கள் சரியான அடித்துணியைக் கொடுத்தால், கோதடி நெடுநாள் உழைக்கும். தையல்காரியின் பெயரும் நிற்கும். தவறான துணியைக் கொடுத்துவிட்டுப் பழியை அவர்கள்மேல் போடுவது நீதியல்ல.

குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

1. அடித்துணிக்குக் கலப்பில்லாத பருத்தி விரிப்பையே தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிந்ததுபோல் மணந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

2. புதிய விரிப்பைத் தவிர வேறு வழியில்லையென்றால், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, குறைந்தது மூன்று முறை துவைத்துக் காயவைத்த பின்பு கொடுங்கள். கடைசிச் சலவையில் ஈரத் துணியை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் ஏறினால் அது இன்னும் ஆயத்தமாகவில்லை.

3. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நடுப்பகுதியைச் சோதியுங்கள். நடுவில் மெலிந்த விரிப்பை உள்ளடுக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

4. எலாஸ்டிக் வைத்த விரிப்பானால், ஓரத்தை வெட்டி நீக்கித் தட்டையாய்ப் பரப்பிய பின்பே அளவு எடுங்கள்.

5. முடிந்த கோதடியின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். கரையாக மடிக்க விரும்பினால் இன்னும் 2 அங்குலம் சேருங்கள்.

6. மங்கலான நிறமும் சிறு பூக்களும் உள்ள விரிப்பு அடிக்கு நல்லது. தரை அழுக்கு எளிதில் தெரியாது.

7. பாதிக் கூலியை முன்பாகவும், மீதியைக் கோதடி முடிந்த அன்றைக்கே, பொழுது சாயுமுன்னும் கொடுத்துவிடுங்கள்.

கோதடிக்கு முடிவு என்று ஒன்று எளிதில் வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடித்துணி தேயும். முதலாவது அதுவே தேயவேண்டும் என்பதே முறை. அப்பொழுது கோதடியைப் பிரிக்க வேண்டாம். அக்காலத்தில் உங்கள் வீட்டில் நன்றாய்ப் பழகிய இன்னொரு விரிப்பை அடியில் விரித்து, பழைய அடித்துணியின்மேலேயே சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். மராட்டியக் கிராம வீடுகளில் அப்படித் தலைமுறைகளைக் கடந்த கோதடிகள் உண்டு. பாட்டியின் சேலை நடுவில் பத்திரமாய் இருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படுத்துத் தேய்த்த விரிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.